நிக்கல் கழிவுநீருக்கு பாக்டீரியா தொட்டி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

தண்ணீரில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்யும் சோதனை எளிமையானது. வெளியேறும் தண்ணீரைச் சோதனைக் குழாயில் கால்வாசி பிடித்து, அம்மோனியா நாலு சொட்டு, டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் நாலு சொட்டு விட வேண்டும். நிக்கல் இருந்தால் ரோஜாச் சிவப்பில் திரிதிரியாகத் திரண்டு வரும். முலாம் பூசும் பட்டறையில் கழிவுநீர்ப் பிரிவைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குறிப்பிட்ட லைனில் மட்டும் அந்தச் சிவப்பு வராத நாளே கிடையாது. பாக்டீரியா தொட்டி வந்த ஒன்பதாவது வாரம் ஒரு காலை நேரம் அதே சோதனையைச் செய்தேன். குழாய் தெளிவாக நின்றது. மருந்து கெட்டுவிட்டதோ என்று நிக்கல் பாத்திலிருந்து, அதாவது முலாம் பூசும் கரைசலிலிருந்து, ஒரு துளி எடுத்துக் கலந்து பார்த்தேன். உடனே சிவந்தது. மருந்தில் கோளாறு இல்லை, தண்ணீரில்தான் நிக்கல் இல்லை.

அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது. ஆனால் இதை வாங்க நினைப்பவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை மட்டும் சொன்னால் போதாது. விற்பவர்கள் சொல்லாமல் விட்டவை நிறைய.

முதலில், எதற்காக வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண நிக்கல் லைனில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. சுண்ணாம்பு போட்டு பி.எச். 10-க்கு மேல் ஏற்றினால் நிக்கல் பச்சைச் சகதியாக அடியில் இறங்கிவிடும். தொல்லை கொடுத்தது மின்சாரம் இல்லாமல் ரசாயனத்தாலேயே நிக்கல் படிய வைக்கும் லைன். அந்த பாத்தில் நிக்கல் தானாகப் பிரிந்து விழாமல் இருக்க சிட்ரேட், லாக்டேட் போன்ற பொருட்களைச் சேர்த்திருப்பார்கள். அவை நிக்கலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கழுவிய தண்ணீர் எங்களிடம் வரும்போதும் அந்தப் பிடி விடாது. சுண்ணாம்பை எவ்வளவு கொட்டினாலும் சகதிதான் கூடுமே தவிர, நிக்கலில் ஒரு பங்கு தண்ணீரோடேயே போகும். அதை வெளியே விட எனக்கு மனம் வராது. வேறு தண்ணீரோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கலந்தாலும் ஆற்றுக்குப் போகிற நிக்கல் அதே நிக்கல்தான்.

விற்க வந்தவர் சொன்னது: "எங்க பாக்டீரியா மெட்டலைச் சாப்பிட்டுடும் சார், ஒண்ணும் மிஞ்சாது." இந்த ஒரு வாக்கியத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உலோகம் ஒரு தனிமம். எண்ணெயையும் சாயத்தையும் பாக்டீரியா உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கலாம். நிக்கலை அப்படி உடைக்க முடியாது. உள்ளே ஒரு கிலோ போனால் எங்காவது ஒரு கிலோ இருந்தே தீரும். பாக்டீரியா செய்வது அதன் வடிவத்தை மாற்றுவது மட்டும். கரைந்து ஓடுவதைக் கரையாத திடப்பொருளாக்கி, நாம் அள்ளி எடுக்கும்படி ஓர் இடத்தில் சேர்த்துக் கொடுக்கிறது. அதுவே பெரிய உதவிதான். அதை அப்படியே உள்ளபடி சொல்லி விற்றிருக்கலாம்.

எங்கள் தொட்டியில் வேலை செய்பவை சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல இவை சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. காற்று ஆகாது. சாப்பாட்டுக்கு ஏதாவது கரிமப்பொருள் வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அந்த சல்பைடு நிக்கல், செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொண்டு கரையாத உலோக சல்பைடாக இறங்கும். ஹைட்ராக்சைடை விட சல்பைடு தண்ணீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் சுண்ணாம்பு தோற்ற இடத்தில் இது ஜெயிக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று: நிக்கலைக் கவ்வி ஒளித்து வைத்திருந்த லாக்டேட் இந்த பாக்டீரியாக்களுக்குப் பிரியமான தீனி. ஒளித்து வைத்தவனையே சாப்பிட்டுவிட்டு, ஒளிந்திருந்தவனைப் பிடித்துக் கொடுக்கின்றன.

இது பரிசோதனைக்கூடச் சமாச்சாரம் மட்டும் இல்லை. நெதர்லாந்தில் பூடெல் என்ற ஊரின் துத்தநாக ஆலையில் மாசடைந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய 1992 முதல் இதே வகை பாக்டீரியாவைப் பெரிய தொட்டிகளில் ஓட்டினார்கள். தீனி எத்தனால். கிடைத்த துத்தநாக சல்பைடை ஆலைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். துத்தநாகத் தாதுவே சல்பைடுதானே, அவர்களுக்கு அது கழிவு இல்லை, சரக்கு. இந்தத் தகவலைப் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

சரி, வந்து இறங்கியது என்ன? மூடி போட்ட ஒரு தொட்டி, உள்ளே பாக்டீரியா ஒட்டி வளர பிளாஸ்டிக் வளையங்கள், தீனி செலுத்தும் சிறிய பம்ப், பி.எச். மீட்டர், ரெடாக்ஸ் மீட்டர் (தண்ணீர் ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மில்லிவோல்ட்டில் காட்டுவது), பின்னால் ஒரு படிவுத் தொட்டி. இவற்றோடு 'கல்ச்சர்' என்று எழுதிய நாலு டிரம், அதாவது வளர்த்த பாக்டீரியா. கூடவே ஒரு கையேடு. கையேட்டின் முதல் பக்கத்தில் "கன உலோகங்களைத் தாங்கும் பாக்டீரியா" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாங்கும் பாக்டீரியா வேறு, சுத்தம் செய்யும் பாக்டீரியா வேறு. 1976-ல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் படிவுத் தொட்டியிலிருந்து எடுத்த மெட்டாலிடுரான்ஸ் என்ற பாக்டீரியா உலோகத்தைத் தாங்குவதில் பேர் போனது. அது தாங்குகிற வழிகளில் முக்கியமானது, உள்ளே வந்த உலோகத்தைத் திரும்ப வெளியே தள்ளிவிடுவது. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் அதனால் சுத்தமாகிவிடாது. யாராவது உங்களிடம் "தாங்கும்" என்று சொல்லி விற்றால், "சரி, எந்த உலோகம் எந்த வடிவத்தில் எங்கே போய்ச் சேரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.

முதல் ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் இரண்டாம் நாளே கழிவுநீரைத் திருப்பிவிட்டிருந்தேன். பழுது பார்க்க வந்த அந்தக் கம்பெனியின் டெக்னீஷியன் பெண் ரெடாக்ஸ் மீட்டரைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். மைனஸ் 40 காட்டியது. "மைனஸ் 200-க்குக் கீழ இறங்கினாத்தான் சார் இதுங்க வேலையே ஆரம்பிக்கும். முதல்ல பசியாத்துங்க, அப்புறம் வேலை வாங்குங்க" என்றார். மூடியின் ரப்பர் வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அதை அவரே மாற்றினார். பத்து நாள் நல்ல தண்ணீர், தீனிக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு), சல்பேட் மட்டும் கொடுக்கச் சொன்னார். பிறகு கழிவுநீரைப் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று கூட்டச் சொன்னார். மீட்டர் ஒரு நாளைக்கு இருபது முப்பதாக இறங்கியது. மைனஸ் 230-ஐத் தொட்ட அன்று மாதிரி எடுக்கும் வால்வைத் திறந்தேன். முன்பு பழுப்பாக வந்த தண்ணீர் மை கரைத்ததுபோல் கருப்பாக வந்தது. கண்ணாடி ஜாடியில் அரை மணி நேரம் வைத்தேன். மேலே தெளிந்து, அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கருஞ்சேறு. அதில்தான் நிக்கல் இருந்தது. விரலைக் கழுவக்கூட யோசிக்கும் அளவுக்குப் பயந்த ஒரு பொருள், கண்ணுக்கு முன்னால் கையகல ஜாடியில் அடங்கி உட்கார்ந்திருந்தது.

தீனிக் கணக்கையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். 96 கிராம் சல்பேட்டைக் குறைக்க, முழுதாக எரிக்க 64 கிராம் ஆக்சிஜன் பிடிக்கும் அளவுக்குக் கரிமப்பொருள் வேண்டும். அதாவது விகிதம் 0.67. நடைமுறையில் கொஞ்சம் கூடவே கொடுக்க வேண்டும், தொட்டியில் பங்கு கேட்கும் வேறு பாக்டீரியாக்களும் இருக்கின்றன. நிக்கல் சல்பேட் பாத் என்பதால் சல்பேட் எங்களுக்குத் தண்ணீரிலேயே வருகிறது. குளோரைடு பாத் வைத்திருப்பவர்கள் சல்பேட்டைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கு எதுவும் கையேட்டில் இல்லை. "தினமும் ஒரு குவளை" என்று மட்டும் போட்டிருந்தது. எத்தனை பேர் அந்த ஒரு குவளையை ஊற்றிவிட்டு, பாக்டீரியாவே பொய் என்று தொட்டியைக் கழற்றிப் போட்டிருப்பார்களோ.

இனி நான் மிகவும் கோபப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு மனிதனைக் கொல்லும் வாயு. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பிபிஎம்-க்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மிகக் கீழேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பார். அங்கேதான் ஆபத்து. 100 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. இந்த வாயு காற்றை விடக் கனமானது, பள்ளத்திலும் குழியிலும் தேங்கி நிற்கும். இப்படிப்பட்ட ஒன்றைத் தயாரிக்கும் தொட்டியை விற்றவர்கள் வாயு அலாரம் தரவில்லை. கையேட்டில் ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. எங்கள் பம்ப் பார்க்கும் தம்பி ஒரு நாள் படிவுத் தொட்டிக் குழிக்குள் இறங்கப் போனான். "அண்ணே, இப்ப நாத்தமே இல்லண்ணே" என்றான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்று மாலையே வேறு இடத்தில் சொல்லி இரண்டு அலாரம் வாங்கிப் பொருத்தினோம், ஒன்று தரையோடு தரையாக. குழிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, காற்றை ஊதி அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்று பலகை எழுதி வைத்தோம். அமிலத் தண்ணீர் எந்தக் காரணத்துக்காகவும் இந்தத் தொட்டிக்குள் வரக் கூடாது. பி.எச். இறங்கினால் கரைந்திருக்கும் சல்பைடு மொத்தமும் வாயுவாகக் கிளம்பும். அலாரம் சேர்த்துத் தராதவர்களிடம் இந்தத் தொட்டியை வாங்காதீர்கள். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது.

நாலாவது மாதம் தொட்டி செத்தது. குரோம் லைனில் ஒருவர் பழைய டிப் தொட்டியை இரவு ஷிஃப்டில் தவறான வாய்க்காலில் திறந்துவிட்டார். காலையில் தண்ணீர் மஞ்சளாக நின்றது. ஹெக்ஸா குரோம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம். அதைக் கண்டறியும் டைபெனில்கார்பசைடு சொட்டியதும் ஊதா நிறம் குப்பென்று ஏறியது. ஹெக்ஸா குரோமையும் பாக்டீரியாவால் மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்ற முடியும். சல்பைடே அந்த வேலையைச் செய்துவிடும். விற்பனையாளர் "குரோமையும் இதிலேயே விடலாம்" என்று சொன்னது முழுப் பொய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நீர்த்த நிலையில் என்றால் சரி. ஒரு தொட்டி மொத்தமாக வந்தால் எந்த உயிரும் நிற்காது. அதற்குப் பிறகு குரோம் லைனை நாங்கள் கலப்பதே இல்லை. அமிலத்தில் மெட்டாபைசல்பைட் போட்டு, அப்புறம் சுண்ணாம்பு, அந்தப் பழைய முறையிலேயே தனியாக ஓடுகிறது. சயனைடு லைனையும் இதில் விடவில்லை.

திரும்ப ஆரம்பிக்க நாலு டிரம் கல்ச்சர் மறுபடி ஆர்டர் செய்ய வேண்டும் என்றார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல், சாக்கடைக் கழிவுநீர் நிலையத்தின் காற்றில்லாச் செரிமானத் தொட்டியிலிருந்து இரண்டு டிரம் சேறு வாங்கி வந்து ஊற்றினேன். ஆறே வாரத்தில் மீட்டர் பழைய இடத்துக்கு வந்தது. சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் காற்றில்லாத சேற்றிலெல்லாம் இருப்பவை. 1895-லேயே பெயரிங்க் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி கண்டு சொன்ன உயிர்கள் இவை. சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலநீரைச் சுத்தம் செய்யும் குளங்களில் சாணத்தையும் மட்கிய குப்பையையும் போட்டே இவற்றை வளர்க்கிறார்கள். ஆகவே டிரம்மில் வரும் கல்ச்சருக்காக இந்தச் சேவையை வாங்காதீர்கள் என்பேன். காசு கொடுக்கத் தகுந்தது அந்த டெக்னீஷியனின் வருகைக்குத்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தார், மீட்டரைத் திருத்தினார், எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், போனில் கேட்டால் பதில் சொன்னார். அவர் இல்லாவிட்டால் முதல் மாதமே கழற்றியிருப்போம்.

பின்கட்டு வேலையையும் யாரும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் நிக்கல் இருக்காது, ஆனால் மிச்ச சல்பைடும் மிச்ச மொலாசஸும் இருக்கும். அதை அப்படியே விட முடியாது. மிச்ச சல்பைடைப் பிடிக்க இரும்பு குளோரைடு சொட்டுகிறோம், அதன் பிறகு காற்று ஊதும் தொட்டி ஒன்று. இதற்கு இடம் ஒதுக்காமல் வாங்கியதால் ஒரு மாதம் திண்டாடினோம்.

கருஞ்சேறு விஷயம் கவனமாகக் கேளுங்கள். சுண்ணாம்புச் சகதியோடு ஒப்பிட்டால் கன அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. அடர்த்தியாக இறங்குகிறது, பிழிய எளிது. ஆனால் அதைத் திறந்தவெளியில் போட்டு வைக்கக் கூடாது. ஒரு சோதனைக்காகத் தட்டில் கொஞ்சம் பரப்பி வைத்தேன். சில நாளில் மேல் பரப்பு கருமை மங்கிச் சாம்பலும் பழுப்புமாக மாறியது. காற்றும் ஈரமும் பட்டால் சல்பைடு மறுபடி சல்பேட்டாகும், உலோகம் மறுபடி கரையும். மழையில் நனைந்தால் நாம் இத்தனை பாடுபட்டுப் பிடித்தது மண்ணுக்குள் போய்விடும். மூடிய டிரம்மில் ஈரத்தோடு வைத்து, உலோகத்தை மீட்டெடுப்பவர்களுக்கு அனுப்புகிறோம். அப்படி எடுக்கும் ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு அப்புறம் தொட்டியை வாங்குங்கள்.

தீனியை நிறுத்தினாலோ பாக்டீரியாக்களின் நிலைமை மாறினாலோ அதே ஆபத்துதான், பிடித்தது மறுபடி கரையலாம். அமெரிக்காவில் கொலராடோவின் ரைஃபிள் என்ற இடத்தில் 2002-ல் நிலத்தடி நீருக்குள் அசிட்டேட் செலுத்தினார்கள். ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா பெருகி, கரைந்திருந்த யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றியது. பிறகு ஜியோபாக்டர் குறைந்து வேறு பாக்டீரியா ஓங்கியதும் யுரேனியத்தின் அளவு மறுபடி ஏறியது. நிலத்துக்கடியில் செய்வதற்கும் தொட்டியில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: எங்களால் பிடித்ததை அள்ளி வெளியே எடுத்துவிட முடிகிறது. விடுமுறை நாட்களிலும் ஒருவர் வந்து தீனி பம்ப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார். குளிர் கடுமையான நாட்களில் வேகம் பாதியாகக் குறைந்தது, தொட்டியைச் சுற்றிப் போர்வை போட்டபின் சரியானது.

பாதரசம் உள்ள கழிவு என்றால் இந்தத் தொட்டி வேண்டவே வேண்டாம். இதே வகை பாக்டீரியாக்களில் பல பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றக்கூடியவை. மினமாட்டாவில் மீன் தின்ற மக்களை முடக்கிய நஞ்சு அது. பாதரச அயனியை ஆவியாகும் உலோகப் பாதரசமாக மாற்றிப் பிடிக்கும் வேறு பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அது தனித் தொட்டி, தனி ஏற்பாடு. இந்த வேறுபாடு தெரியாமல் "எல்லா உலோகத்துக்கும்" என்று விளம்பரம் செய்வது பெரிய தவறு, அந்தக் கம்பெனிக்கு எழுதியே கேட்டேன். புதிய கையேட்டில் பாதரசத்தை எடுத்துவிட்டார்கள்.

செம்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம் உள்ள தண்ணீர், சுண்ணாம்புக்கு அடங்காத லைன், தினமும் பார்க்க ஓர் ஆள், மாதத்துக்கு இரண்டு முறை வரும் டெக்னீஷியன். இத்தனையும் இருந்தால் வாங்கலாம், நான் தயங்காமல் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் சிறு பட்டறைக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் போட்ட குழாயே நிம்மதி.

எங்களுக்கு இரண்டாவது தொட்டி அடுத்த மாதம் வருகிறது. வாயு அலாரம் இரண்டும், குழிக்குக் காற்று ஊதியும் விலைக்குள்ளேயே சேர்த்து எழுதித் தந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கல்ச்சர் டிரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் தொட்டியின் சேற்றிலிருந்தே இரண்டு வாளி எடுத்து ஊற்றப்போகிறோம்.